கரிச்சட்டி, ஒரு போட்டோ, இருபத்து நாலாயிரம் ரூபாய்

ஊட்டியில் மார்க்கெட்டிலிருந்து காந்தல் போகிற வழியில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. 2024 ஜனவரி கடைசி வாரத்தில் தெருவிலிருந்து ஒரு பெரியவரை அந்த வீட்டுக்குள் கூட்டி வந்தேன். நல்ல எண்ணம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அடுத்த ஒரு மாதத்தில் நான் செய்த கோளாறுகளை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால், நாங்கள் இரண்டு பேரும் சாவு வரை போய்த் திரும்பியிருக்க மாட்டோம். ரொம்ப நாள் வெட்கத்தில் எழுதாமல் இருந்தேன். குளிர்காலம் வந்துவிட்டது, இப்போது எங்காவது ஒருத்தர் இதையே செய்யக் கிளம்பியிருப்பார் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

கொஞ்சம் முன்கதை. அதற்கு முந்தைய நவம்பரில் கிறிஸ்து அரசர் ஞாயிறு. அன்றைக்குப் பூசையில் வாசகம் பைபிளில் மத்தேயு 25. பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள், அன்னியனாக இருந்தேன், என்னை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கடைசித் தீர்ப்பில் இயேசு சொல்வதாக வருமே, அது. சின்ன வயசிலிருந்து கேட்ட வாசகம்தான், இருந்தாலும் அன்றைக்கு என்னமோ உள்ளே இறங்கிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் நாலைந்து பேர் கையேந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நான் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். அது இரண்டு மாதமாக உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரம்மா, அதாவது என் மனைவி, எங்கள் மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இருந்தார். தடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

அன்று இரவு ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கப் போனபோது படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுபது வயசு இருக்கும். பக்கத்தில் ஒரு யூரியா சாக்கு, அதுதான் அவருடைய பை. காலில் ரப்பர் செருப்பு, சாக்ஸ் இல்லை, வேட்டி முழங்கால் வரை ஈரம். எங்கள் பக்கத்தில் ஜனவரி என்றால் காலையில் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி வெள்ளையாக இருக்கும். "ஐயா, இங்க படுத்தா விறைச்சிப் போயிருவீங்க, உள்ள வாங்க" என்றேன். அவர் "பரவாயில்ல தம்பி, விடிஞ்சா போயிருவேன்" என்றார். கையைப் பிடித்துக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் வந்தேன். அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்கவே இல்லை என்பது பின்னால்தான் உறைத்தது.

முதல் தவறு சாப்பாடு. ஓடிப்போய் நாலு பரோட்டாவும் பீஃப் குழம்பும் வாங்கி வந்தேன். இரண்டு மூன்று நாளாக டீயும் பன்னுமாக இருந்தவர், பாவம், கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று முக்கால்வாசி சாப்பிட்டார். அரை மணியில் வாந்தி. ரொம்பப் பட்டினி கிடந்தவருக்கு எண்ணெய், மசாலா, வயிறு முட்டச் சாப்பாடு எதுவும் எடுத்தவுடன் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, உப்புப் போட்ட சாதத் தண்ணி, அப்புறம் இட்லி என்று போக வேண்டும். பல நாள் ஒன்றுமே சாப்பிடாதவர் என்றால் டாக்டர் பார்க்காமல் நிறையக் கொடுப்பது உயிருக்கே ஆபத்தாம், இதை வார்டில் நர்ஸ் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பீஃப் சாப்பிடுவாரா என்றுகூட நான் கேட்கவில்லை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் முருகன் டாலர் தொங்கியதை அப்புறம்தான் பார்த்தேன்.

இரண்டாவதுதான் பெரிய தவறு. நடுக்கம் நிற்கவில்லை என்று இரும்புச் சட்டியில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, அவர் படுத்திருந்த அறையில் வைத்துவிட்டு, குளிர் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல் இடுக்கில் பழைய பேப்பரைத் திணித்துக் கதவையும் சாத்தினேன். நானும் அங்கேயே பாயைப் போட்டேன். ராத்திரி மூன்று மணி வாக்கில் ஒன்றுக்குப் போக முழித்தேன். மண்டை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி, எழுந்தால் கால் நிற்கவில்லை. பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை போல என்றுதான் முதலில் நினைத்தேன். தவழ்ந்து போய்க் கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது, அதற்கப்புறம்தான் கரி ஞாபகம் வந்தது. பெரியவரை உலுக்கினேன், அசையவில்லை. அக்குளில் கையைக் கொடுத்து வாசல் வரை இழுத்துவந்து 108க்குப் போன் போட்டேன். ஒருவேளை எனக்கு அன்றைக்கு முழிப்பு வராமல் இருந்திருந்தால், காலையில் பக்கத்துக் கடைக்காரர் கதவை உடைத்திருப்பார்.

கரி எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். நீலகிரியில் பிறந்து வளர்ந்தவன் நான், குளிர்காலத்தில் இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் "டூரிஸ்டுக்குப் புத்தியில்லை" என்று சொல்கிற ஆள், நானே செய்தேன். மூடின அறையில் கரியோ விறகோ கூடவே கூடாது. குளிரில் விறைத்த ஒருவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று இப்போது தெரியும். முதலில் ஈரத்துணியைக் கழற்ற வேண்டும், தலைக்குக் குல்லா, காலுக்குக் காய்ந்த சாக்ஸ். தரையிலிருந்து ஏறுகிற குளிரும் சூட்டை நிறைய உறிஞ்சும், அதனால் பாய்க்கு அடியில் இரண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாலே பெரிய வித்தியாசம். பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றி நெஞ்சுப் பக்கம் வைக்கலாம். கைகாலைப் பரபரவென்று தேய்க்கக் கூடாது, நெருப்புக்குப் பக்கத்தில் நேராகக் காட்டவும் கூடாது. நன்றாக முழித்திருந்தால் மட்டும் சூடாகக் குடிக்கக் கொடுக்கலாம். "ஒரு கட்டிங் ஊத்து, சூடாயிரும்" என்பார்கள், அது சுத்தப் பொய், சாராயம் உடம்புச் சூட்டை இன்னும் இறக்கும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள், அது மோசமான அறிகுறி, 108ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், விடிவதற்குள் கண் திறந்துவிட்டார். டாக்டர் என்னைத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. எம்.எல்.சி., அதாவது போலீசுக்குச் சொல்ல வேண்டிய கேஸ் என்று பதிந்தார்கள், போலீஸ் வந்தது. "இவர் உனக்கு யார்?" என்றார்கள். யாரும் இல்லை என்றேன். "யாருமே இல்லாதவரை ராத்திரி எதுக்கு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தே?" பைபிளில் படித்தேன் என்று சொன்னால் எப்படி இருக்கும், சொல்லிப் பாருங்கள். சொன்னேன். அந்த ஏட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கே! ஸ்டேஷனுக்கு மூன்று தடவை போனேன், வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் இறந்திருந்தால் என் கதி என்ன என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன், கை நடுங்கியது. அவருக்காக நடுங்கவில்லை, எனக்காக. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் யாரையாவது கூட்டிப் போகிறீர்கள் என்றால் அன்றைக்கே ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனு வாங்கிப் பதிந்ததற்கான ரசீது) வாங்கிவிடுங்கள், இரவானாலும் சரி. ஒரு வெள்ளைத்தாள் செலவுதான். வயசானவர் என்றால் 14567, முதியோர் உதவி எண், அவர்களிடமும் சொல்லிவைக்கலாம். மனநலம் சரியில்லாமல் சுற்றுகிறவர் என்றால் 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்டுவதும், காணாமல்போனவர் என்று பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் போலீசின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. நாம் கேட்பது சலுகை இல்லை என்று தெரிந்துகொண்டு போனால் குரல் கொஞ்சம் நிமிரும்.

வார்டில் உடனிருக்க ஆள் வேண்டும் என்றார்கள். வேறு யார் இருக்கிறார்? ஆறு நாள் நானே இருந்தேன். அந்த ஆறு நாளில்தான் அவர் யாரென்று தெரிந்தது. இலங்கையில் ஹட்டன் பக்கம் பிறந்தவர். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவான 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில், எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரி எஸ்டேட் ஒன்றில் கவாத்து வேலைக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். வலது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கவாத்துக் கத்தி வெட்டின தழும்பு, அதன் மேல் இன்னொரு தழும்பு, அந்த இடத்துத் தோல் செருப்புத் தோல் மாதிரி கறுத்து இறுகியிருந்தது. எஸ்டேட்டில் தொழிலாளருக்குக் கொடுக்கிற லைன் வீட்டை அவர் கடைசி வரை "லயம்" என்றுதான் சொன்னார். வேலை இருக்கிற வரைக்கும்தான் லயம், ஓய்வு பெற்றால் காலி பண்ண வேண்டும். மனைவி இல்லை, மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில், ஒற்றை அறை வாடகை வீட்டில் மாமியாரோடு. "அங்க எனக்குப் படுக்க எடமில்ல தம்பி, புள்ளைக்குச் சங்கடம்" என்றார். மகளிடம் கூட்டாளி வீட்டில் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்லிவைத்திருந்தார். காலையில் கொடுக்கிற ரொட்டியில் பாதியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, நான் டீ குடித்துத் திரும்பும்போது "நீ சாப்பிட்டியா" என்று எடுத்து நீட்டுவார்.

இப்போது போட்டோ விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். இரண்டாம் நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது பக்கத்துப் படுக்கைப் பையனிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். எங்கள் அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழு) வாட்ஸ்அப் குழுவில் போட்டேன், கீழே "மிகச் சிறியோராகிய என் சகோதரருள் ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள்" என்ற வசனத்தோடு. எண்பது பேருக்கு மேல் கைகூப்பினார்கள், ஒருவர் "வாழும் புனிதர்" என்றார், எனக்குக் குளிரே தெரியவில்லை. அது அங்கிருந்து கூடலூர் போய், அங்கே அவருடைய பழைய எஸ்டேட்டுக்காரர்கள் யாரோ பார்த்து, நாலாம் நாள் திருப்பூரில் மகள் கைக்குப் போய்விட்டது. "தெருவில் கிடந்த ஆதரவற்ற முதியவர்" என்று அதற்குள் யாரோ தலைப்பும் சேர்த்திருந்தார்கள். அந்தப் பிள்ளை போனில் அழுததா, கத்தியதா, இரண்டுமா, தெரியவில்லை. "எங்கப்பா என்ன பிச்சைக்காரரா?" பெரியவர் மூன்று வருஷமாகக் கட்டிக் காப்பாற்றி வைத்திருந்த ஒரே மானம் மகளிடம் சொன்ன அந்தப் பொய்தான். அதை நான் ஒரு வசனத்தைப் போட்டு உடைத்துவிட்டேன். இரண்டு நாள் என் பக்கம் திரும்பவே இல்லை அவர். ரொட்டியை மட்டும் வைத்திருந்தார், நீட்டவில்லை.

அந்த இரவு வார்டு வராந்தாவில் மத்தேயு 25ஐ மறுபடி படித்தேன். நாற்பது வருஷமாகக் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. அந்தத் தீர்ப்பில் வலப்பக்கம் நிற்கிற நல்லவர்கள் "ஆண்டவரே, எப்பொழுது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியவே தெரியாது. பசித்த ஒரு ஆளைப் பார்த்தார்கள், சோறு போட்டார்கள், அவ்வளவுதான். எனக்கோ படியில் அவரைப் பார்த்த நிமிஷமே "இது இயேசு" என்று தெரிந்துவிட்டது, அதனாலேயே எதிரில் இருந்த மனுஷனைப் பார்க்கவில்லை. பெயர் கேட்டதே மறுநாள் ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதும்போதுதான். இன்னொன்றும் செய்தேன், படுக்கைப் பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபம் சொன்னேன். எதிர்க்கட்டில்காரர் "மதம் மாத்தப் போறியா?" என்று கேட்டபோது கோபம் வந்தது. ஆனால் முருகன் டாலர் போட்டவர், என் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருக்கிறவர், வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? ஜெபத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், சோற்றோடு சேர்க்காதீர்கள்.

மகள் நேரில் வந்தபோது அடுத்த பிரச்சினை. அப்பாவின் கிராஜுவிட்டி பணம் எங்கே? சாக்கை நான் பத்திரமாக இருக்கட்டும் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். அதில் என்ன இருந்தது என்று ஒரு பட்டியல்கூட எழுதவில்லை. தினம் நூறு பேருடைய ஆவணத்தை நகலெடுத்துக் கொடுக்கிறவனுக்கு அந்த யோசனை வரவில்லை! மறுபடி ஸ்டேஷன். பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் பணம் இரண்டு வருஷத்துக்கு முன்பே எடுத்தாகிவிட்டது, மிச்சம் 312 ரூபாய். அது யாருக்குப் போனது என்று பெரியவர் சொல்லவில்லை, மகளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவுமில்லை. ஒருவருடைய பையை வாங்கி வைக்கிறீர்கள் என்றால் அவர் முன்னாலேயே, வேறு இரண்டு பேர் பார்க்க, ஒவ்வொன்றாக எடுத்து எழுதி, அவரிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இந்தச் சமயத்தில் எங்கள் பங்குச் சாமியாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் பைபிளில் இருக்கிற தோபித்து புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் படி என்றார். விருந்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுந்துபோய் அநாதைப் பிணத்தை எடுத்து வந்து, பொழுது சாய்ந்ததும் அடக்கம் செய்கிறார் தோபித்து. அக்கம்பக்கத்தார் கேலி செய்கிறார்கள். அன்று இரவு முற்றத்தில் சுவரோரம் படுத்திருக்கும்போது குருவி எச்சம் கண்ணில் விழுந்து பார்வையே போகிறது. நல்லது செய்தவன் கண்ணில் குருவி எச்சம்! அந்த நேரத்தில் எந்தப் பிரசங்கமும் எனக்கு இவ்வளவு தெம்பு கொடுத்திருக்காது.

ஆனால் அடுத்த தவறையும் செய்தேன். டிஸ்சார்ஜ் ஆனதும் அவரைக் கேட்காமலேயே மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். சேர்க்கைக் கட்டணம் என்று 6,000 வாங்கினார்கள், ரசீது இல்லை, திரும்பியும் வரவில்லை. எட்டாம் நாள் காலையில் கடையைத் திறக்க ஷட்டரைத் தூக்கினால் அதே படியில் அதே சாக்கோடு உட்கார்ந்திருக்கிறார், பஸ் ஏறி வந்துவிட்டார். "அங்க ஒரே புழுக்கமா இருக்கு தம்பி" என்றார். ஆயுசில் பெரும்பகுதி மலையிலேயே கழித்த மனுஷன், அவரைக் கொண்டுபோய்ச் சமவெளியில் ஃபேனுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறேன்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். கம்பளி, ஸ்வெட்டர், துணி 1,850. வெளியில் வாங்கின மருந்து, டயப்பர் 3,400. ஆட்டோ, டாக்ஸி 4,200. இல்லத்துக்கு 6,000. கடை பதினொரு நாள் பூட்டிக் கிடந்ததில் நாளுக்கு 800 என்று வைத்தாலும் 8,800. மொத்தம் 24,250. வீட்டுக்காரம்மாவிடம் பாதிக் கணக்குதான் காட்டினேன், மீதியை இதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

அதற்கப்புறம்தான் எங்கள் பங்கில் ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்த்து உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையில் ரொம்ப வருஷமாக இருக்கிற ஒரு அண்ணனிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தனியாவா போனே?" அவர்கள் யாரையும் ஒற்றை ஆளாகப் போய்ப் பார்ப்பதில்லையாம், இரண்டு பேராகத்தான் போவார்கள். இந்தச் சபையை 1833இல் பாரிஸில் நண்பர்களோடு தொடங்கியபோது பிரெடெரிக் ஓசானாம் என்பவருக்கு இருபது வயசு, கல்லூரி மாணவர். முதல் வேலையாகத் தங்கள் குளிர்கால விறகைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ஏழை வீட்டில் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்தப் பையன்களுக்கு எந்த வீட்டுக்குப் போகணும், எப்படிப் பேசணும் என்று சொல்லிக்கொடுத்தது ரோசலி ராந்து என்ற கன்னியாஸ்திரி. அந்தத் தெருக்களிலேயே ஊறிக் கிடந்தவர். "விறகு எல்லாரும் குடுப்பாங்கப்பா, வழி தெரிஞ்ச ஆளைக் கேட்டுக்கிட்டுப் போகணும்" என்றார் அண்ணன். விறகு என்றதும் எனக்குக் கரிச்சட்டிதான் ஞாபகம் வந்தது.

அண்ணனும் நானுமாகப் பெரியவர் முன்னால் உட்கார்ந்தோம். அண்ணன் "ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது: ஆதார் தொலைந்துபோனது, அது வேண்டும், அப்புறம் ஒரு நல்ல கத்தி. அவ்வளவுதான். ஆதார் மையத்தில் விரல் ரேகை வைத்துப் பழைய எண்ணை எடுத்துவிட்டார்கள், ரேகை தேய்ந்திருந்ததால் இரண்டு தடவை திருப்பி அனுப்பி மூன்றாம் தடவை கிடைத்தது. முகவரிக்கு வார்டு கவுன்சிலரிடம் அதற்குரிய படிவத்தில் கையெழுத்து வாங்கலாம். வீடற்றோர் விடுதியில் இருப்பவர் என்றால் அதன் பொறுப்பாளர் சான்று கொடுப்பார். நகராட்சியில் அந்த விடுதியைப் பற்றிக் கேட்பதைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும், அரசுத் திட்டப்படி அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டிய இடம். ஆதார் வந்ததும் முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டோம், அப்போது மாதம் 1,200. காந்தலில் ஒரு வீட்டுக்குப் பின்னால் சின்ன அறை, வாடகை 1,500, சபையில் பாதி, நானும் இன்னும் இரண்டு பேரும் மீதி. கத்தி நானே வாங்கிக் கொடுத்தேன், முதலில் வாங்கினதைத் தட்டிப் பார்த்துவிட்டு "இது வெங்காயம் வெட்டத்தான் ஆகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது பங்களாக்களில் வேலி வெட்டப் போகிறார். மகள் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து போகிறது. என்னிடம் இன்னும் அளவாகத்தான் பேசும்.

போட்டோவை மகள் போன் பண்ணின அன்றைக்கே அழித்துவிட்டேன், குழுவிலும் எடுக்கச் சொன்னேன். போன நவம்பரில் கிறிஸ்து அரசர் ஞாயிறு காலை, பூசைக்குக் கிளம்பும்போது, தெரியாத ஒரு எண்ணிலிருந்து அது எனக்கே வந்தது. கஞ்சிக் கிண்ணம், என் கை, அவர் முகம், கீழே அதே வசனம். இப்போது பின்னணியில் ஒரு சிலுவையும் சேர்த்திருக்கிறார்கள். இதை அழித்துவிடுங்கள், இவர் எனக்குத் தெரிந்தவர் என்று எழுதினேன். கைகூப்பின படம் ஒன்று பதிலாக வந்தது.